தெலுக் இந்தானுக்குப் போனால் எங்கே தங்குவது

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானுக்குக் கிளம்புகிறவர்கள் சேலை, நகை, மொய்ப்பணம், பெட்ரோல் எல்லாவற்றையும் யோசித்து வைப்பார்கள், ராத்திரி எங்கே படுப்பது என்பதை மட்டும் யோசிக்க மாட்டார்கள். கேட்டால் "சித்தி வீடு இருக்கே" என்று ஒரே பதில்தான். இருக்கிறது. ஆனால் அது தாமானில் (குடியிருப்புப் பேட்டையில்) மூன்று அறை வீடு, ஒரே குளியலறை, ஏற்கெனவே ஆறு பேர் குடியிருக்கிறார்கள், நாம் ஐந்து பேர் போய் இறங்குகிறோம், அதே நாள் ஜொகூரிலிருந்து இன்னொரு காடி (கார்) வந்து நிற்கிறது. சித்தி தன் கட்டிலை நமக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படி ஓரமாகப் பாய் விரித்துப் படுப்பார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அத்தனை பேருக்கும் பசியாற ஏதாவது செய்து வைப்பார். மூட்டுவலிக்காரர். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், ஹோட்டலில் தங்குங்கள். ஈப்போவில் பெரிய ஹோட்டலாகப் பார்த்துப் படுத்துவிட்டு காலையில் ஓடி வருவதைச் சொல்லவில்லை. தெலுக் இந்தான் டவுனுக்குள்ளேயே, பழைய கடை வரிசைகளின் மாடியில் இருக்கும் சின்ன ஹோட்டல்களைச் சொல்கிறேன். ஓர் இரவுக்கு நூறு வெள்ளி (ரிங்கிட்), முன்னே பின்னே. பார்த்து எடுத்தால் அந்தப் பணத்தில் வயதானவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள், பிள்ளைகள் அழாமல் குளிப்பார்கள், சித்தியும் தன் கட்டிலில் படுப்பார்.

தோட்டத்தில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. அம்மா பிறந்து வளர்ந்தது தெலுக் இந்தானைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் ஒன்றில். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் லயத்துக்கே வந்ததாகத்தான் கணக்கு. ஆம்பளைகள் நாலாவது வீட்டு வாசலில், பெண்களும் கைக்குழந்தைகளும் உள்ளே, மிச்சம் பேர் கோயில் கொட்டகையில். ஒரு வீட்டிலிருந்து பாய் வரும், இன்னொரு வீட்டிலிருந்து தலையணை, அடுத்த வீட்டில் சுடுதண்ணீர். இருபது பேர் வந்தாலும் ஒரே வீட்டின் தலையில் பாரம் விழாது. அப்புறம் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிவிட்டுச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள். பால்மரத்துக்கு விடியுமுன்னே ஆள் போய்ச் சீவ வேண்டும், மங்கு மங்காகப் பால் எடுக்க வேண்டும். செம்பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை குலை வெட்டினால் போதும், அத்தனை ஆள் வேண்டியதில்லை. வேலை குறைந்தது, பிள்ளைகள் படித்துக் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், லயங்கள் ஒவ்வொன்றாக இடிந்தன, மிஞ்சியவர்கள் டவுன் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு வந்தார்கள். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு எல்லாரும் திரும்பிப் போகிறோம். வருகிற கூட்டம் பழைய கூட்டம்தான், அதைத் தாங்கத்தான் லயம் இல்லை. ஒரு லயமே பங்கு போட்டுச் சுமந்ததை இப்போது ஒரே ஒரு தாமான் வீடு தனியாகச் சுமக்கிறது. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

எல்லாத் தோட்டமும் அப்படிக் காலியாகிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஜெண்டராத்தா தோட்டம் இருக்கிறது, 1906ல் தொடங்கி இன்று யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையிடமாக இருப்பது. அங்கே இன்னமும் குடும்பங்கள் இருக்கின்றன, குலை ஏற்றிப் போகத் தோட்டத்துக்குள்ளேயே சின்ன ரயில் ஓடுகிறது. அங்கே சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும். வேலை செய்கிற வீட்டில் போய்க் கும்பலாக இறங்காதீர்கள்.

"வீடு இருக்க ஹோட்டலா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" இந்தக் கேள்வி நிச்சயம் வரும். என் சித்தியும் கேட்டார், போனில், அழுகிற குரலில். பொய்ச் சாக்கு எதுவும் சொல்லாதீர்கள், உண்மையையே சொல்லுங்கள். "நீங்க அடுப்படியில படுக்கிறதைப் பார்த்துக்கிட்டு எங்களால தூங்க முடியல சித்தி. பகல் பூரா உங்ககூடத்தான், படுக்க மட்டும்தான் அங்க" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, பசியாற இங்கதான் வரணும்" என்றார். அதை மட்டும் தவறவே கூடாது. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போங்கள், பையை ஹோட்டலில் போட்டுவிட்டுக் குளித்து மினுக்கிக்கொண்டு போகாதீர்கள், பயணம் செய்த சட்டையோடு போய்த் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ராத்திரிச் சாப்பாடு அவர்கள் வீட்டில். ஹோட்டல் படுக்கைக்கு மட்டும். முன்கூட்டியே, இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது, ராத்திரி பத்து மணிக்குப் பாய் விரித்த பிறகு "நாங்க ஹோட்டல் போட்டிருக்கோம்" என்று எழுந்தால் அது அவமானப்படுத்துவதுதான்.

சரி, எந்த ஹோட்டல்? பெயர் சொல்லப் போவதில்லை, இந்தச் சின்ன ஹோட்டல்கள் கை மாறிக்கொண்டே இருக்கும், இன்று நன்றாக இருப்பது அடுத்த ஆண்டு வேறு ஆளிடம் போய்விடும். எப்படிப் பார்த்து எடுப்பது என்பதைச் சொல்கிறேன், அது மாறாது.

முதலில் இடம். எதற்காகப் போகிறீர்களோ அதற்குப் பக்கத்தில் எடுங்கள். தெலுக் இந்தான் மருத்துவமனையில் யாராவது படுத்திருந்தால் அது சங்காட் ஜோங் சாலையில், டவுனின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, அந்தச் சாலைப் பக்கமே அறை பாருங்கள், ஏனென்றால் பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே வரும்போது யாருக்கும் காடி ஓட்டுகிற மனநிலை இருக்காது. நகரத்தார் தெண்டாயுதபாணி கோயில் சித்ரா பௌர்ணமிக்கு வருகிறவர்கள் டவுனுக்குள்ளேயே எடுப்பதுதான் சரி. ரதம் வருகிற நாளில் சாலைகளில் கூட்டம், காடியை நிறுத்திவிட்டு நடப்பதே வேகம். தோட்டத்துத் திருவிழாவுக்கு என்றால் எப்படியும் காடி வேண்டும், அப்போது டவுனிலிருந்து வெளியே போகிற சாலைக்கு அருகில், காடி நிறுத்த இடமுள்ளதாகப் பாருங்கள். தீமிதி முடிந்து நள்ளிரவில் திரும்புவோம், அதை மனதில் வைத்து இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: முன்கதவை எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள்? சில இடங்களில் பதினொன்றரைக்கு இரும்புக் கதவை இழுத்துவிடுவார்கள், மணி அடித்துத்தான் எழுப்ப வேண்டும்.

காடி இல்லாமல் வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1893ல் தாப்பா ரோட்டிலிருந்து இந்த ஊருக்கு ரயில் வந்தது, அப்போது தெலுக் அன்சன் என்று பெயர், இப்போது அந்தப் பாதை இல்லை. ரயிலில் வந்தால் தாப்பா ரோட்டில் இறங்கி அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் சாலை வழி. கோலாலம்பூர் பண்டார் தாசேக் செலத்தான் முனையத்திலிருந்து பஸ் இருக்கிறது, வெள்ளிக்கிழமை மாலை பஸ் என்றால் நெரிசலில் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. "ராத்திரி லேட்டாத்தான் வருவோம், அறையை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க" என்று பஸ்ஸிலிருந்தே ஒரு போன் போட்டுவிடுங்கள். முன்பணம் கட்டாத அறையை இரவு எட்டு மணிக்கு மேல் வேறு ஆளுக்குக் கொடுப்பது சர்வசாதாரணம்.

அடுத்தது நட்சத்திரம். சுற்றுலா அமைச்சு ஹோட்டல்களுக்கு 1 முதல் 5 வரை நட்சத்திரம் கொடுக்கிறது, நட்சத்திரத் தகுதிக்குக் கீழே உள்ளவற்றுக்கு 1 முதல் 3 வரை ஆர்க்கிட். கடைவீட்டு ஹோட்டல்களில் ஆர்க்கிட் பலகை மாட்டியிருந்தால் யாரோ ஒருவர் வந்து பார்த்திருக்கிறார் என்ற அளவுக்கு நல்லது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பலகை எப்போது கொடுத்தது, அதற்குப் பிறகு மெத்தை மாற்றினார்களா என்பதெல்லாம் அதில் தெரியாது. அறை பதிவுச் செயலியில் இருக்கும் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம், கடை திறந்த நாளில் எடுத்த படம் பல ஆண்டாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நான் பார்ப்பது அங்கே தங்கியவர்கள் எடுத்துப் போட்ட படங்களை, அதிலும் குளியலறைப் படத்தை. குளியலறை மூலையில் ஓடுகளுக்கு இடையே உள்ள கோடு கறுத்திருந்தால் அந்த ஹோட்டலில் யாரும் குனிந்து தேய்ப்பதில்லை என்று அர்த்தம், அறையும் அப்படித்தான் இருக்கும்.

பிறகு போன். செயலியில் விலை பார்த்துவிட்டு நேரே ஹோட்டலுக்குப் போன் போட்டுப் பேசுங்கள். விலை குறைகிறதோ இல்லையோ, நாலு விஷயம் கேட்டு வைக்கலாம். லிஃப்ட் இருக்கிறதா? கடைவீட்டு மாடிகளில் பல இடங்களில் இருக்காது, அங்கே உள்ள படிகள் செங்குத்தானவை, அம்மாவைப் போல முட்டி தேய்ந்தவர்களுக்கு இரண்டாவது மாடியே கஷ்டம். முதல் மாடியில் அறை கேட்டு வாங்குங்கள், பெயர் எழுதும்போதே எழுதச் சொல்லுங்கள். ஜன்னல் இருக்கிறதா? கடைவீடுகள் முகப்பு குறுகி, நீளமாக உள்ளே போகிறவை, அதை அறை அறையாகத் தடுக்கும்போது நடுவில் வருகிற அறைகளுக்கு ஜன்னல் வைக்க வழியே இல்லை. மிகக் குறைந்த விலை போட்டிருந்தால் அந்த நடு அறையாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போகிற லாரிக்காரருக்கு அது போதும். குழந்தை வைத்திருக்கிறவர்கள், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் பதினைந்து இருபது வெள்ளி கூடக் கொடுத்தாவது ஜன்னல் அறை எடுக்க வேண்டும்.

ஜன்னல் என்று சொன்னதும் அது எதைப் பார்த்த ஜன்னல் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் கடைவீட்டு மேல்மாடிகளை அடைத்து உழவாரக் குருவி வளர்க்கிறார்கள், கூட்டுக்காக. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இல்லாத சுவரும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகளும் தெரியும். குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் கீச்சொலியைப் போட்டு விடுவார்கள், அந்தி நேரத்திலும் விடிகாலையிலும் அது காதைக் குடைந்துவிடும். பகலில் போய் அறை பார்க்கிறவர்களுக்குச் சத்தத்தின் முழு அளவு தெரியாது, அதனால் ஜன்னலைத் திறந்து எதிரே, பக்கத்தில், மேலே என்று கட்டடங்களைப் பாருங்கள், ஓட்டைச் சுவர் தெரிந்தால் பின்பக்க அறை கேளுங்கள். பெரிய சாலைப் பக்கம் என்றால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் விடியுமுன்னே ஓட ஆரம்பிக்கும். எனக்கு லாரிச் சத்தம் பழகிவிட்டது, குருவிச் சத்தம் இன்னும் பழகவில்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் அறையைக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படவே வேண்டாம். நல்ல ஹோட்டல் என்றால் சாவியை எடுத்து நீட்டுவார்கள், "எல்லா அறையும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் காட்ட மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், அந்த டவுனில் அடுத்த ஹோட்டல் தூரமில்லை.

நான் எப்படிப் பார்ப்பேன் என்றால், கதவைத் திறந்ததும் உள்ளே போக மாட்டேன், வாசலில் நின்று ஒரு மூச்சு இழுப்பேன். வாசனைத் தெளிப்பான் மணம் மூக்கில் ஏறினால் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும், பெரும்பாலும் சிகரெட், இல்லையென்றால் ஈரம். இந்த ஊரே பேராக் ஆற்றின் வளைவில், தாழ்ந்த இளகிய மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. டவுன் நடுவில் நிற்கும் சாய்ந்த கோபுரத்தை எல்லாரும் படம் பிடிக்கிறோம், 1885ல் லியோங் சூன் சோங் என்ற கட்டடக்காரர் கட்டியது, 25.5 மீட்டர், வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்றுதான். உள்ளே தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், அந்தக் கனத்தை இளகிய மண் தாங்கவில்லை, சாய்ந்தது. அந்த மண்ணில் நிற்கும் பழைய கடைவீடுகளில் மழைக்காலத்தில் சுவரடி ஈரம் ஏறும். கட்டிலுக்குப் பின்னால், சுவரும் தரையும் சேருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சாயம் பொரிந்து விரலில் மாவாக ஒட்டினால், ஏர்கோன் போட்டாலும் அந்த அறையில் காலையில் தலை கனக்கும்.

அடுத்தது மெத்தை. விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கி, போனின் வெளிச்சத்தை அடித்து, மெத்தையின் தையல் ஓரத்தைப் பாருங்கள், தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதைப் போலக் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம், அது பையில் ஏறி வீடு வரை வரும், வந்தால் போக்குவது எவ்வளவு பாடு என்று பட்டவர்களுக்குத் தெரியும். அறை சுத்தமாகத் தெரிந்தாலும் பைகளைக் கட்டில்மேல் வைக்காமல் மேசைமேலோ குளியலறை ஓட்டுத் தரையிலோ வைத்துவிட்டு மெத்தையைப் பார்ப்பதே நல்ல பழக்கம். தலையணை உறை வெளுத்துப் போயிருந்தால் பரவாயில்லை, வெள்ளைத் துணி துவைத்துத் துவைத்து நைந்தது கௌரவமான விஷயம். கறைதான் கூடாது.

குளியலறையில் குழாயை முழுசாகத் திறந்து விடுங்கள். தண்ணீர் வேகம் இருக்கிறதா, கீழே போகிற வாயில் தேங்காமல் இறங்குகிறதா என்று பாருங்கள். ஹீட்டர் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும், போட்டுவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் கையை நீட்டிப் பாருங்கள். வயதானவர்களோடு போனால் கழிவறைப் பக்கம் பிடித்து எழுந்திருக்க ஏதாவது இருக்கிறதா, தரை வழுக்குகிறதா என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். அம்மாவுக்காக நான் வீட்டிலிருந்து ஒரு பழைய ரப்பர் கால்மிதியைச் சுருட்டி எடுத்துப் போவேன்.

பெண்கள் தனியாகத் தங்குகிறவர்களுக்கு ஒன்று. கவுண்டரில் விலைப் பலகையைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு, மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால் அங்கே தங்க வேண்டாம். கதவில் உள்தாழ்ப்பாள் உறுதியாக இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள், சாவி மட்டும் போதாது, இன்னொரு சாவி கவுண்டரில் இருக்கும்.

அப்புறம் பணம். சாவிக்கு முன்பணமாக 50 வெள்ளி கேட்பார்கள், கொடுக்கலாம், ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்துகொள்வது முறை. அதைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொள்ள ஹோட்டலுக்கு உரிமை இல்லை, தேசியப் பதிவுத் துறை இதைப் பல முறை சொல்லியிருக்கிறது. பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் என் வீட்டுக்காரரின் அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். "பணமா முன்பணம் வாங்கிக்குங்க, அட்டையைக் கொடுங்க" என்று நாங்கள் நகராமல் நின்ற பிறகுதான் திரும்ப வந்தது. சண்டை போட வேண்டாம், ஆனால் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ சொந்தக்காரர் வந்தால் அவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, 2017 செப்டம்பர் 1 முதல். மலேசியருக்கும் நிரந்தரவாசிக்கும் கிடையாது. இது தெரியாமல் "வெளியூர்க்காரன்னு பார்த்து ஏமாத்துறாங்க" என்று கவுண்டரில் கத்துகிறார்கள், பாவம், அங்கே நிற்கிற பிள்ளை வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டத்தான் போகிறது. சேவை வரி வேறு, அது 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. ஆண்டு விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டுகிற ஹோட்டல்களுக்குத்தான் அது. அதைவிடச் சின்ன இடம் வரி என்று சொல்லி வாங்கினால் வரிப் பதிவு எண் போட்ட ரசீது கேளுங்கள். போனிலேயே "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டுவிட்டால் இந்தப் பேச்சே வராது.

கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முகூர்த்தம் காலை ஆறரை, ஏழு என்று வைப்பார்கள். நாலு பெண்கள் ஒரே அறையில் இருந்தால் மூன்று மணிக்கே முதல் ஆள் குளிக்கப் போக வேண்டும். அறை பார்க்கும்போது கண்ணாடி எங்கே இருக்கிறது, அதன் மேலே விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் குளியலறைக்குள் முகம் மட்டும் தெரிகிற சின்னக் கண்ணாடிதான் இருக்கும், அதில் சேலை மடிப்பு எடுக்க முடியாது. முந்தின நாள் சாயங்காலமே இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முழு ஹோட்டலுக்கும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அன்று அங்கே தங்கியிருக்கிறவர்களில் பாதிப் பேர் அதே கல்யாணத்துக்கு வந்தவர்கள். பூ வாங்கினால் அறையில் குளிர்பெட்டி இல்லாவிட்டால் கவுண்டரில் கேளுங்கள், கீழே உள்ள பெட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். நான் கேட்ட இடத்தில் மறுக்கவில்லை.

அப்படித்தான் கவுண்டர் அக்காவோடு பேச்சு ஏற்பட்டது. பூப்பொட்டலத்தை வாங்கிக் குளிர்பெட்டிக்குள் சோடா டின்களைத் தள்ளி இடம் பண்ணி வைத்தவர், அம்மாவைப் பார்த்து, "நீங்க எந்தத் தோட்டம்?" என்றார். அம்மா பெயரைச் சொன்னார். "எத்தனாவது லயம்?" அதையும் சொன்னார். அந்த அக்காவின் பாட்டி அதே தோட்டத்தில் பால் வெட்டியவராம், கோயிலுக்குப் பின்னால் இருந்த லயம். அப்புறம் இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள், யார் யாரைக் கட்டிக்கொண்டது, தோட்டத்துக் கணக்கர் கிராணியார் வீட்டு ரம்புத்தான் மரம், விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு அடிக்கிற மணி. பின்னால் நின்ற சீன வியாபாரி ஒருவர் சாவிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அக்கா எங்களை மூன்றாவது மாடியிலிருந்து முதல் மாடிக்கு மாற்றிக் கொடுத்தார், விலை அதே விலை. இந்த ஊர்ச் சின்ன ஹோட்டல்களில் துணி மாற்றுகிறவர்கள், கவுண்டரில் நிற்கிறவர்கள் பலர் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அறையைக் காலி பண்ணும்போது துவாலைகளை ஒரே இடத்தில் குவித்து வைத்து, குப்பையைக் கட்டி வைத்துவிட்டு வாருங்கள், முடிந்தால் ஐந்து வெள்ளி வையுங்கள்.

மறுநாள் மதியம் சித்தியை அறைக்கு அழைத்து வந்தேன். வர மாட்டேன் என்றவரைப் பிடிவாதமாக ஏற்றி வந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார், ஏர்கோனை நிமிர்ந்து பார்த்தார், "எவ்வளவு கொடுத்தே?" என்றார். சொன்னேன். "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்தவர் நாலு மணி வரை எழுந்திருக்கவில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். விசேஷ வீட்டில் அதிகம் உழைக்கிற பெண்ணுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம் கொடுக்க அந்த வீட்டில் இடம் இருக்காது, நம் அறையில் இருக்கும்.

ஹோட்டலில் காலைப் பசியாறலும் சேர்த்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சித்தி வீடு இல்லாத நாளில் கீழே இறங்கினால் அஞ்சடியிலேயே (கடை முன் நடைபாதையிலேயே) ஒட்டுக்கடை இருக்கும், தோசையும் தே தாரிக் தேநீரும் சூடாகக் கிடைக்கும். இந்த ஊர் சீ சியோங் ஃபன் மற்ற ஊரைப் போல வெறும் மாவுச் சுருள் இல்லை, உள்ளே காய்ந்த இறாலும் செங்குவாங் கிழங்கும் வைத்துச் சுருட்டியது, வாங்கிப் போய் அறையில் வைத்துச் சாப்பிடலாம். டுரியான் மட்டும் அறைக்குள் வேண்டாம், பல ஹோட்டல்களில் கவுண்டரிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள், வாடை மெத்தையில் ஏறினால் முன்பணம் திரும்ப வராது.

சித்ரா பௌர்ணமி ஏப்ரலிலோ மே மாதத்திலோ வரும், அந்த வாரத்தில் டவுனுக்குள் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பள்ளி விடுமுறையும் நோன்புப் பெருநாளும் சீனப் பெருநாளும் அப்படித்தான், விலையும் ஏற்றுவார்கள். பஞ்சாங்கம் வாங்கிய கையோடு தேதியைப் பார்த்து, இரண்டு மாதம் முன்னாலேயே போன் போட்டு, முதல் மாடி, ஜன்னல், குருவி வீட்டுக்கு எதிர்ப்பக்கம் இல்லாத அறை என்று சொல்லிப் பெயர் எழுதச் சொல்லுங்கள், முன்பணம் அனுப்பிய ரசீதைப் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடி ஒரு தடவை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.